ஏறாமல் மலை அளந்த இராதாநாத் சிக்தார்

நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறுவோரின் கால்களே அதன் உயரத்தைச் சொல்லிவிடும். எவரும் ஏறியிராத மலையின் உயரத்தை அறிவது எங்ஙனம்? அதனைக் கணித்தறிந்தோருள் முதன்மையானவர், கல்கத்தா இந்துக் கல்லூரியின் பழைய மாணவராகிய இராதாநாத் சிக்தார் ஆவார்.

1813இல் பிறந்த அன்னார், 1831இல் மாதம் 30 ரூபா வேதனத்தில் இந்திய முக்கோண அளவைத் துறையிற் கணிப்பாளராய்ச் சேர்ந்தார். நேபாளத்துட் புக அனுமதியின்மையால், நூறு மைலுக்கு அப்பால் நின்றே சிகரங்களின் கோணங்கள் அளக்கப்பட்டன. இடைப்பட்ட காற்று ஒளியை வளைப்பதால் நேரும் பிழையும் கணக்கிற் கொள்ளப்பட்டது. 1852 அளவில், பதினைந்தாம் சிகரமே உலகில் உயர்ந்ததெனப் புலனாயிற்று. 1856இல் வெளியான உயரம் 29,002 அடி. 2020இல் வெளியான அளவோ ஏறத்தாழ 29,032 அடி. என்னே நுட்பம்! எட்டாததை, எட்டியவற்றின் அளவுகளால் மதிப்பிடும் இவ்வழியிலேயே ஆலைப் பொறிகளில் இக்கால மென்பொருள் உணரிகளும் இயங்குகின்றன. பாரமானி அளவில் வெப்பத்தால் நேரும் பிழையைத் திருத்தும் சூத்திரத்தையும் சிக்தார் வகுத்தார்.

ஆயினும், தோட்டத்து மண்ணிற் பிறந்த நமக்குப் பிறிதொரு செயலே பெரிதாய்த் தோன்றுகிறது. 1843இல் டேராடூனில், அளவைத் துறையின் சுமைகூலிகளை நீதவான் ஒருவர் தம் பொருள்களைச் சுமக்கவைத்தார். சிக்தார் அப்பொருள்களை மறித்துவைத்தார். 200 ரூபா தண்டம் சிக்தாருக்கே விதிக்கப்பட்டது.

சிகரம் 1865இல், முன்னாள் அளவையதிபர் எவரெஸ்ட்டின் பெயரைப் பெற்றது. சிக்தார் 1870இல் மறைந்தார். துறையின் அளவை நூலுக்கு அவர் ஆற்றிய பணியை 1851ஆம் ஆண்டு முன்னுரை பாராட்டியிருந்தது. 1875ஆம் ஆண்டுப் பதிப்பில் அவர் பெயர் இல்லை.