குதிரை லாயத்தில் ஒரு விஞ்ஞானி

நியூட்ரானைக் கண்டுபிடித்தவர் யார்னு கேட்டா, ஜேம்ஸ் சாட்விக்னு டக்குனு எழுதிடுவோம். அவர் பட்ட பாடு தெரியுமா?

1891-ல் இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கப் போனவர், தெரியாமல் இயற்பியல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார். கூச்ச சுபாவம்! சொல்ல வாய் வரலை. இயற்பியலிலேயே சேர்ந்துவிட்டார். ரூதர்ஃபோர்டு அவருக்கு ஆசிரியர்.

1913-ல் ஆராய்ச்சிக்காக பெர்லின் போனார். அடுத்த வருஷமே முதல் உலகப்போர். எதிரி நாட்டுக்காரர்னு பிடித்து, குதிரைப் பந்தய மைதானத்து லாயத்தில் அடைத்தார்கள். 1918 வரை அங்கேதான். அப்பவும் சும்மா இருக்கலை. ஜெர்மனியில் அப்போது விற்ற கதிரியக்கப் பற்பசையை வைத்தே ஆராய்ச்சி செய்தார்!

அணுக்கருவில் மின்சுமை இல்லாத துகள் இருக்கலாம்னு 1920-ல் ரூதர்ஃபோர்டு சொன்னார். மின்சுமை இல்லாததை எப்படிப் பிடிப்பது? பெரிலியத்திலிருந்து வந்த கதிர், மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தட்டி வெளியே தள்ளியது. அந்த வேகத்தைக் கணக்குப் போட்டு, 1932-ல் நியூட்ரானைப் பிடித்தார். 1935-ல் நோபல் பரிசு கிடைத்தது. 1974-ல் காலமானார்.

நியூட்ரான் இல்லாட்டி என்ன? புரோட்டான்கள் ஒன்றையொன்று விலக்கும். ஹைட்ரஜன் தவிர எந்த அணுக்கருவும் நிலைக்காது. நாமளும் இல்லை!

நியூட்ரானுக்குள்ளே என்ன இருக்கு? 3 குவார்க்குகள். புரோட்டானிலும் அப்படித்தான். அவற்றைப் பசைபோல ஒட்டவைப்பவை குளுவான்கள். அந்த விசையின் மிச்சம்தான் புரோட்டானையும் நியூட்ரானையும் சேர்த்து அணுக்கருவாக்குகிறது.

ஆய்வகத்தில் சாமான் இல்லைனு அலுத்துக்கும்போது, அந்தப் பற்பசையை நினைச்சுக்குவோமா?