விண்வழி கண்ட உபாத்தியாயர்

ருஷ்ய தேசத்து ரியாஸான் மாகாணத்தில் இஷெவ்ஸ்கோயே என்னும் கிராமத்தில் 1857-ஆம் ஆண்டு கான்ஸ்தந்தீன் ஸியோல்கோவ்ஸ்கி பிறந்தார். பத்து வயதளவில் வந்த கொடிய சுரத்தால் செவிப்புலன் பெரிதும் குன்றவே, பள்ளிப்படிப்பு நின்றது. பதினாறாம் வயதில் மாஸ்கோ சென்று, கறுப்பு ரொட்டியுண்டு, புத்தகசாலையிலிருந்தே கணிதமும் பௌதிகமும் பயின்றார். பின்னர் போரோவ்ஸ்கிலும் கலூகாவிலும் ஏறத்தாழ நாற்பதாண்டு உபாத்தியாயராயிருந்தார்.

ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் வெளியிட்ட கதையில் மனிதர் பீரங்கிக் குண்டினுள் அமர்ந்து சந்திரனை நோக்கிச் செல்வர். அங்ஙனம் ஒரு நொடியில் பெருவேகம் பெறும் குண்டினுள் எவரும் நசுங்கி மாள்வரென இவர் உணர்ந்தார். எனவே, வேகம் படிப்படியாய் ஏறும் ராக்கெட்டே தக்க ஊர்தியெனத் துணிந்து, அதன் கணிதத்தை 1903-இல் வெளியிட்டார். வெளிப்படும் அனற்புகையின் போக்கிலே சுக்கான் அமைத்துக் கலத்தைத் திருப்பலாமென்றும் காட்டினார்.

உடல் அவ்வேகத்தைத் தாங்குவது எங்ஙனம்? மிதவாமலும் அமிழாமலும் உப்புநீரின் நடுவே நிற்கும் முட்டை, பாத்திரத்தை மேசைமேல் மோதினும் உடைவதில்லை. 1920-இல் வெளியான தம் கதையில் பிரயாணிகளையும் இவர் அவ்வாறே நீர்மத்தினுள் கிடத்தினார். காற்று நிறைந்த நுரையீரல் முட்டையைப் போன்றதன்றாதலின், இம்முறைக்கும் ஓர் எல்லையுண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1908-இல் ஓகா நதி பெருகி வீட்டினுட் புகுந்து இவர்தம் ஏடுகள் பலவற்றை அழித்தது. இவரோ மீண்டும் எழுதத் தொடங்கினார். 1935-இல் மறைந்தார்; 1957-இல் முதற் செயற்கைச் சந்திரன் விண்ணேறிற்று. குறைகளை எண்ணிச் சோரும் நமக்கு இவர் வாழ்வே விடையாகும்.