ஃபெலிக்ஸ் வாங்கெல் (1902–1988)

ஜெர்மனியின் லார் ஊரில் பிறந்த வாங்கெல், நம்மைப்போல் எஞ்ஜினீயரிங் காலேஜ் வாசலை மிதித்தவரல்ல. கிட்டப்பார்வை; கடைசிவரை டிரைவிங் லைசென்ஸ்கூட கிடையாது. நாஜிக் கட்சியில் இருந்த கறையும் உண்டு. பிஸ்டனுக்குப் பதில் ரோட்டர் சுழலும் அவருடைய எஞ்சின் 1957-இல் என்.எஸ்.யு. கம்பெனியில் ஓடியது. அதை பாஷ்கே என்பவர் மாற்றியமைத்த வடிவம்தான் கார்களில் ஏறியது. வாங்கெலுக்கு அது பிடிக்கவேயில்லை!

வில்லன், ரோட்டரின் மூன்று முனைகளிலுள்ள சீல். 1967-இல் வந்த ரோ 80 காரில் அது சீக்கிரமே தேய்ந்து, வாரண்டியில் எஞ்சின் மாற்றி மாற்றியே கம்பெனி தள்ளாடி, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் கைக்குப் போனது.

பழைய மாஸ்டா ஆர்.எக்ஸ்-7 மீது ஆசைப்படும் தம்பிகளே! பனகல் பார்க் சிக்னலில் இழுவை திடீரென்று செத்து, சூட்டோடு மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லையென்றால், இக்னிஷனையும் பெட்ரோலையும் பார்த்த கையோடு ஒவ்வொரு ரோட்டரிலும் மூன்று முகத்துக்கும் கம்ப்ரஷன் அளந்துவிடுங்கள். சாதாரண கேஜ் அதிகபட்சத்தை மட்டுமே காட்டும். தேய்ந்த முகம் தப்பிவிடும்.