பஞ்சத்தின் மகள், பலருக்குத் தாய் – பண்டித ரமாபாய் (1858–1922)



2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளம் பாலக்காடு முதல் இடுக்கி வரை மலையோர ஊர்கள் பலவற்றைக் கலங்கடித்தது. 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இடுக்கி மாவட்டம் பெட்டிமுடியில் மலை சரிந்ததில் 70 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவந்த தமிழ்க் குடும்பத்தினர். இத்தகைய துயரச் செய்திகள் வரும்போதெல்லாம், இது யார் செய்த பாவம் என்ற கேள்வி நம்மிடையே எழுந்துவிடுகிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைப் பற்றி நம் ஆண்டவர் பேசியது லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் உள்ளது. மாண்டவர்களை மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று எண்ணக்கூடாது என்றும், கேட்டுக்கொண்டிருப்பவர்களே மனந்திரும்ப வேண்டும் என்றும் அவர் போதித்தார்.

அந்தப் போதனையைத் தன் வாழ்க்கையாக்கிக்கொண்ட ஒரு பெண்மணி நம் தேசத்தில் வாழ்ந்தார். பெட்டிமுடி அமைந்துள்ள அதே மேற்குத் தொடர்ச்சி மலையில், இன்றைய கர்நாடகத்தைச் சேர்ந்த கங்காமூலா என்னும் காட்டுப் பகுதியில் 1858-ஆம் ஆண்டு ஏப்ரல் 23 அன்று பிறந்த பண்டித ரமாபாயே அவர்.

பஞ்சத்தில் இழந்த வீடு

அவருடைய தந்தை அனந்த சாஸ்திரி டோங்ரே சிறந்த சமஸ்கிருத அறிஞர். பெண்கள் சமஸ்கிருதம் கற்பதை ஊரார் ஏற்காத அக்காலத்தில், அவர் தம் மனைவி லட்சுமிபாய்க்கு அம்மொழியைக் கற்றுக்கொடுத்தார். அதனால் எதிர்ப்பு எழவே, காட்டில் ஒரு குடிலமைத்து வாழ்ந்தார். தாயின் வாய்மொழியாகவே ரமாபாய் கல்வி பெற்றார். பின்னர் அக்குடும்பம் புராணங்களை வாசித்து விளக்கிக்கொண்டு, ஒரு புண்ணியத் தலத்திலிருந்து மற்றொன்றுக்கு நடந்தது.

1870-களில் சென்னை மாகாணத்தைப் பஞ்சம் வாட்டியது. கையிலிருந்த பணமும் பாத்திரங்களும் தீர்ந்தன. கூலி வேலை செய்யவோ பிச்சை கேட்கவோ சாஸ்திரம் கற்ற அக்குடும்பத்தின் பெருமை இடங்கொடுக்கவில்லை. இலைகளைத் தின்றும் தண்ணீரைக் குடித்தும் காட்டில் நாட்களைக் கழித்தனர். முதலில் தந்தை மாண்டார். சில மாதங்களுக்குள் தாயும், அடுத்து மூத்த சகோதரியும் மாண்டனர். ரமாபாயும் அண்ணன் சீனிவாசனும் மட்டும் உயிரோடு எஞ்சினர்.

அவ்விருவரும் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கான மைல்கள் வடதிசை நோக்கி நடந்தனர். ஆற்றங்கரைக் குளிரைத் தாங்குவதற்காக, குழி தோண்டிக் கழுத்துவரை மணலால் மூடிக்கொண்டு உறங்கிய இரவுகளும் உண்டு. பசி என்றால் என்ன என்பதை ரமாபாய் நூலில் படித்து அறியவில்லை; தன் வயிற்றில் அறிந்தார். பிற்காலத்தில் தேவன் அவருக்குக் கொடுத்த ஊழியம் இந்த நாட்களில்தான் விதைக்கப்பட்டது.

பட்டமும் கண்ணீரும்

1878-ஆம் ஆண்டு கல்கத்தாவை அடைந்தபோது ரமாபாய்க்கு வயது இருபது. அவருடைய சமஸ்கிருதப் புலமையைக் கண்டு வியந்த அறிஞர்கள், பண்டிதை என்றும் சரஸ்வதி என்றும் பட்டங்கள் அளித்தனர். புகழ் வந்த வேகத்திலேயே துயரமும் வந்தது. 1880-இல் அண்ணன் இறந்தார். அதே ஆண்டில் வங்காள வழக்கறிஞர் விபின் பிஹாரி மேத்வியைச் சாதி எல்லையைக் கடந்து மணந்தார். 1881-இல் மகள் மனோரமா பிறந்தாள். 1882-இல் கணவரும் காலராவுக்குப் பலியானார். கைக்குழந்தையுடன் விதவையாக நின்றபோது அவருக்கு வயது இருபத்துமூன்று.

கணவர் வீட்டில் வங்காள மொழியில் கிடைத்த லூக்கா சுவிசேஷம் அவர் உள்ளத்தில் ஒரு தேடலை எழுப்பியிருந்தது. 1883-இல் இங்கிலாந்து சென்ற அவர், சமுதாயம் ஒதுக்கித் தள்ளிய பெண்களைக் கிறிஸ்தவச் சகோதரிகள் அன்போடு பராமரிக்கும் இல்லம் ஒன்றைக் கண்டார். இந்த இரக்கம் எங்கிருந்து வருகிறது என்று வியந்து கேட்டார். யோவான் 4-ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணின் வரலாற்றை அச்சகோதரிகள் அவருக்கு வாசித்துக் காட்டினர். அந்த ஆண்டு செப்டம்பர் 29 அன்று அவரும் மகளும் ஞானஸ்நானம் பெற்றனர்.

1889 மார்ச் 11 அன்று பம்பாயில் இளம் விதவைகளுக்காகச் சாரதா சதனம் என்ற பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது புனேவுக்கு மாறியது. ஆனால் ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் ஆனபின், தன்னைத்தானே ஆராய்ந்து பார்த்தபோது அவர் திடுக்கிட்டார். தான் கிறிஸ்தவ மார்க்கத்தைக் கண்டுகொண்டதேயன்றி, கிறிஸ்துவை இன்னும் கண்டுகொள்ளவில்லை என்று உணர்ந்தார். இதை மறைக்காமல் தம் சாட்சியில் எழுதியும் வைத்தார். நாடறிந்த ஒருவர், தம்மிடம் ஒரு பள்ளியே ஒப்புவிக்கப்பட்டிருக்கும் நிலையில், இவ்வாறு அறிக்கையிடுவது எளிதான காரியமா?

மீண்டும் வந்த பஞ்சம்

1896–97-இல் மத்திய மாகாணங்களைக் கொடிய பஞ்சம் தாக்கியது. செய்தியைக் கேட்ட ரமாபாயின் கண்முன் தன் தாய் தந்தையர் மாண்ட காட்சி நின்றது. அவருடைய பள்ளியோ அமெரிக்க நண்பர்கள் அனுப்பிய பணத்தில் நடந்தது. அந்த உதவிக்கும் குறிப்பிட்ட கால எல்லை இருந்தது. புதிதாக ஒருவரைச் சேர்ப்பதற்கும் யோசிக்க வேண்டிய நிலை. பணம் வந்தபின் போகலாம் என்று காத்திருக்க நியாயமான காரணம் இருந்தது. ஆயினும் அவர் ஜெபித்துவிட்டுப் புறப்பட்டார்.

அங்கே எலும்பும் தோலுமாய்க் கிடந்த சிறுமிகளைக் கண்டார். பசியைப் பயன்படுத்திப் பெண்பிள்ளைகளைச் சீரழிக்கும் மனிதரையும் கண்டார். ஏறக்குறைய 300 சிறுமிகளையும் பெண்களையும் மீட்டுக் கொண்டுவந்தார். அந்நேரம் புனேவில் பிளேக் நோய் பரவியிருந்ததால், அவர்களை நகருக்குள் தங்கவைக்க முடியவில்லை. புனேவுக்குக் கிழக்கே கேட்காவ் என்னும் இடத்தில் வாங்கியிருந்த நிலத்திற்கு அழைத்துச் சென்றார். அங்கே உருவானதே முக்தி மிஷன். முக்தி என்றால் விடுதலை.

பள்ளி தொடங்கிய காலத்தில், சாதி ஆசாரத்தைக் காக்க விரும்பிய மாணவிகளுக்கு அதற்கு இடமளிக்கப்பட்டிருந்தது. பஞ்சத்திலிருந்து வந்தவர்களோ பல சாதியினர். அவர்கள் ஒரே குடும்பமாக வளர்ந்தனர். கூலி வேலையை இழிவாக எண்ணிய வீட்டில் பிறந்தவர், இங்கே படிப்போடு நெசவு, விவசாயம், அச்சு வேலை முதலியவற்றையும் கற்பித்தார். தன் குடும்பத்தைப் பசியிலும் கட்டிவைத்த பெருமையை, இந்தப் பிள்ளைகளின் வாழ்விலிருந்து அகற்றினார் என்றே சொல்லலாம்.

1900-இல் குஜராத்திலும் ராஜபுதனத்திலும் பஞ்சம் தலைவிரித்தாடியது. இம்முறை, முன்பு மீட்கப்பட்ட பெண்களே மற்றவர்களை மீட்கச் சென்றனர். முக்தியில் வாழ்ந்தவர்களின் தொகை ஏறக்குறைய இரண்டாயிரமாக உயர்ந்தது.

அப்பம் மட்டும் போதுமா?

இரண்டாயிரம் பேருக்கு உணவும் உடையும் கல்வியும் கிடைத்தன. உலகத்தார் பார்வையில் அது மாபெரும் சாதனை. ஆனால் ரமாபாயின் உள்ளம் நிறைவடையவில்லை. சாவிலிருந்து காப்பாற்றப்பட்டவர்களிடையே பொய்யும் சண்டையும் திருட்டும் இருந்தன. அவர் அவர்களைக் குற்றம் சாட்டிக்கொண்டிருக்கவில்லை. தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் பரிசுத்த ஆவியானவரின் நிறைவு வேண்டும் என்று தேவ சமுகத்தில் காத்திருந்தார்.

1905 ஜனவரியில், தினமும் கூடி ஜெபிக்க முன்வருவோர் யார் என்று கேட்டார். எழுபது பேர் முன்வந்தனர். ஜூன் மாதத்திற்குள் அத்தொகை ஏறக்குறைய 550 ஆனது. அம்மாத இறுதியில் பெரும் எழுப்புதல் உண்டாயிற்று. இளம்பெண்கள் தங்கள் பாவங்களை அறிக்கையிட்டுக் கண்ணீர் வடித்தனர். அதன்பின் அவர்கள் குழுக்களாகச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குச் சென்று சுவிசேஷம் அறிவித்தனர். தேசத்தின் துயரத்தில் அநாதைகளாக வந்தவர்கள், தேசத்திற்கு ஆசீர்வாதமாகப் புறப்பட்டனர்.

இறுதிவரை

எளிய கிராமப் பெண்களும் புரிந்துகொள்ளும் மராத்தியில் வேதாகமம் வேண்டும் என்ற பாரம் அவருக்கு இருந்தது. அதற்காக எபிரெயமும் கிரேக்கமும் கற்று, பல ஆண்டுகள் உழைத்து மொழிபெயர்த்தார். முக்தியின் அச்சகத்தில் பெண்களே அதை அச்சிட்டனர். 1921-இல் தன் பணியைத் தொடருவாள் என்று நம்பியிருந்த ஒரே மகள் மனோரமாவை இழந்தார். அந்த வேதனையிலும் மொழிபெயர்ப்பை விட்டுவிடவில்லை. அப்பணியை நிறைவுசெய்தபின், 1922 ஏப்ரல் 5 அன்று கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அன்பானவர்களே, பஞ்சம் ஏன் வந்தது என்ற கேள்வியோடு ரமாபாய் நின்றுவிடவில்லை.  ஒவ்வொரு பேரழிவிலும் அவர் செய்தவை இரண்டு: தன் கதவைத் திறந்தார், தன் இருதயத்தையும் திறந்தார். கதவைத் திறந்து இருதயத்தை மூடினால் அது வெறும் தர்மம். இருதயம் உடைந்ததாகச் சொல்லிக் கதவை மூடினால் அது வெறும் உணர்ச்சி. இரண்டும் இணையும் இடத்திலேதான் பரிசுத்தம் கனி தருகிறது.

வெள்ளமோ மண்சரிவோ நோயோ நம் தேசத்தைத் தாக்கும் அடுத்த நாளில், நாம் எதை முதலில் திறப்போம்? விரலை நீட்டி மற்றவர்களைக் காட்டுவோமா? அல்லது முழங்காலில் நின்று, ஆண்டவரே முதலில் என்னைச் சுத்திகரியும், பின்பு என்னை அனுப்பும் என்று ஜெபிப்போமா? பஞ்சத்தில் தப்பிய ஓர் அநாதைப் பெண்ணைக் கொண்டு ஆயிரங்களைத் தாங்கிய தேவன், நம்மையும் பயன்படுத்த வல்லவராயிருக்கிறார். அவருக்கே மகிமை உண்டாவதாக. ஆமென்.