தோட்ட மக்களின் குடும்பத் தலைவர் அமரர் துன் வீ. தி. சம்பந்தன்

திருஞானசம்பந்தப் பெருமானின் திருப்பெயரைத் தாங்கி, ஈப்போவிற்கு வடக்கேயுள்ள சுங்கை சிப்புட்டில் 1919ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 16ஆம் நாள் தோன்றியவர் அமரர் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள். அவர்தம் தந்தையார் வீராசாமி அவர்கள் தமிழகத்திலிருந்து மலாயாவிற்கு வந்து, அயரா உழைப்பால் ரப்பர் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர்.

கோலகங்சார் கிளிஃபர்ட் பள்ளியில் பயின்ற சம்பந்தன், பின்னர் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உயர்கல்வி பெற்றார். இந்திய விடுதலை இயக்கமும் காந்தியடிகளின் நெறியும் இளமையிலேயே அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. அதன் பயனைப் பிறந்த ஊரே முதலில் பெற்றது. 1954இல் சுங்கை சிப்புட்டில் அவர் முயற்சியால் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலையைத் திருமதி விஜயலட்சுமி பண்டிட் திறந்து வைத்தார். தோட்டத்துப் பிள்ளைகள் தாய்மொழியில் கல்வி பெற அது வழிகோலியது.

1955இல் ம.இ.கா.வின் தேசியத் தலைவரான அவர், 1973 வரை அப்பொறுப்பை வகித்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி, தபால் தந்தி முதலிய துறைகளின் அமைச்சராகவும் நற்பணியாற்றினார்.

அவருடைய பெருஞ்சோதனை நாடு விடுதலை பெற்ற காலத்தில் வந்தது. வெள்ளையர் தோட்டங்கள் பல விற்கப்பட்டுத் துண்டாடப்பட்டன. தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டிய குடும்பங்கள் வேலையோடு லயத்து வீட்டையும் இழந்தன. முன்னோர் எழுப்பிய கோயிலும் பிள்ளைகள் படித்த பள்ளியும் பிறர் நிலத்தில் நின்றன. உழைத்த மண்ணில் ஒரு கைப்பிடியும் தமக்கு உரிமையில்லை என்பதை அம்மக்கள் அன்று உணர்ந்தனர்.

இதற்கு இரங்கலோ நன்கொடையோ மருந்தாகாது எனக் கண்ட துன் அவர்கள், 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்தித் தொழிலாளரே தோட்டத்திற்கு உரியவராகலாம் என்று எடுத்துரைத்தார். அன்றைய கூலியில் பத்து வெள்ளி என்பது அடுப்பங்கரைச் செலவைக் குறைத்துச் சேர்க்க வேண்டிய தொகை. அதைக் கேட்பதற்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் தேவைப்பட்டார். துன் அவர்களே தோட்டந்தோட்டமாகச் சென்றார். துணைவியார் தோ புவான் உமாசுந்தரி அவர்களும் உடன் சென்று, குடும்பப் பெண்களின் மனத்தில் நம்பிக்கையை விதைத்தார். 1961இல் கெடா மாநிலத்தின் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் உடைமையாயிற்று. அதனைத் தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் வாங்கப்பட்டன.

இல்லறத்தில் அன்புக் கணவராகவும், ஒரே மகளுக்குப் பாசமிகு தந்தையாகவும் விளங்கிய அவர், அப்பரிவைத் தம் வீட்டின் எல்லைக்குள் நிறுத்திக் கொள்ளவில்லை. தந்தையார் விட்டுச்சென்ற செல்வத்தின் பெரும் பகுதி பொதுப்பணியிலேயே கரைந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளை தம் செல்வத்தைக் குறைத்துக்கொண்டு, ஏழைத் தொழிலாளரை நில உடைமையாளராக்கினார் என்பதே அவர் வாழ்வின் சிறப்பு.

1979ஆம் ஆண்டு மே திங்கள் 18ஆம் நாள் துன் அவர்கள் இறைவனடி சேர்ந்தார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எனினும் அவருடைய உண்மையான நினைவுச் சின்னம் தோட்டக் குடும்பங்களிடம் உள்ளது. தாத்தாவும் பாட்டியும் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிய பங்குகள், பேரப்பிள்ளைகளின் கைக்கு உரிமையாக வந்து சேர்ந்துள்ளன. அந்தச் சேமிப்பின் அருமையை உணர்ந்து காப்பதே அப்பெருந்தகைக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடனாகும். அன்னாரின் புகழ் நீடு வாழ எல்லாம் வல்ல இறைவன் திருவருள் புரிவானாக.