பட்டம் வாங்காத தலைவர்

மலர்க் குழுத் தம்பிகள் கட்டுரை கேட்டபோது, ஹாஸ்டல் கூத்துகளில் நாலை எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மனசு வேறு பக்கம் போய்விட்டது. டாடா குழுமத்தை 53 வருஷம் நடத்திய ஜே.ஆர்.டி. டாடாவைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஜே.ஆர்.டி. 1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தார். அப்பா ரத்தன்ஜி, டாடா தொழில்களைத் தொடங்கிய ஜாம்ஷெட்ஜியின் உறவினர்; தொழிலிலும் கூட்டாளி. அம்மா பிரெஞ்சுக்காரர். பையனுக்குக் கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படிக்க ஆசை. ஆனால் பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவை முடிந்ததும், கம்பெனி வேலையைக் கற்றுக்கொள்ள வா என்று அப்பா பம்பாய்க்குக் கூப்பிட்டுவிட்டார். 1925-ல் சம்பளமில்லாத அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். மறு வருஷமே அப்பா காலமானார். கேம்பிரிட்ஜ் கனவு அதோடு சரி.

1929-ல் இந்தியாவில் கொடுக்கப்பட்ட முதல் விமானி லைசென்ஸ் அவருடையது. 1932 அக்டோபர் 15 அன்று, கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு சின்ன விமானத்தைத் தானே ஓட்டி, அகமதாபாத் வழியாக பம்பாய் வந்து இறங்கினார். அங்கிருந்து தபாலை நம்ம மதராஸ் வரைக்கும் கொண்டுவந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்தச் சேவைதான் பின்னாளில் ஏர் இந்தியா ஆயிற்று.

1938-ல், 34 வயதில் டாடா குழுமத் தலைவரானார். அப்போது 14 நிறுவனங்கள். 1991-ல் பொறுப்பை ரத்தன் டாடாவிடம் ஒப்படைத்தபோது 95. ஜாம்ஷெட்பூரில் 1945-ல் டெல்கோ வந்தது. முதலில் ரயில் எஞ்சின், 1954 முதல் டெய்ம்லர்-பென்ஸ் கூட்டுறவில் லாரி.

படிப்பு தேவையில்லை என்பதற்கு இவரை உதாரணம் காட்டாதீர்கள், மாணவத் தம்பி தங்கைகளே! தொழில்நுட்பம் முறையாகப் படிக்கவில்லையே என்ற குறை அவருக்குக் கடைசிவரை இருந்தது. ஹோமி பாபா ஆராய்ச்சிக்கு ஓர் இடம் வேண்டும் என்று கேட்டபோது அவருக்குத் துணை நின்றார். 1945-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பிறந்தது. தனக்குக் கிடைக்காததை அடுத்தவனுக்குக் கிடைக்க வைப்பது எல்லோருக்கும் வருமா?

வளர்த்த ஏர் இந்தியா 1953-ல் அரசுடைமை ஆயிற்று. அவருக்கு அதில் உடன்பாடில்லை. ஆனாலும் தலைவராக இருந்து கால் நூற்றாண்டு பார்த்துக்கொண்டார். 1978-ல் மொரார்ஜி தேசாய் அரசு அவரை நீக்கியது. மனசு வலிக்காமலா இருந்திருக்கும்? அப்படியும் 1982-ல், 78 வயதில், முதல் பயணத்தின் பொன்விழாவுக்காக அதே கராச்சி-பம்பாய் வழியில் மறுபடி விமானம் ஓட்டினார். 1992-ல் பாரத ரத்னா. 1993 நவம்பர் 29-ல் ஜெனீவாவில் மறைந்தார். 2022 ஜனவரியில் ஏர் இந்தியா மீண்டும் டாடா வீட்டுக்கே வந்துவிட்டது. பார்க்க அவர் இல்லை.

இப்போது காரணத்துக்கு வருகிறேன். எங்கள் மெக்கானிக்கல் பேட்ச்சில் ஒருவன், மூன்றாம் வருஷம் அப்பா தவறியதும் படிப்பை விட்டுவிட்டுப் போனான். லேத் பட்டறை வைத்தான். தங்கைகளைக் கட்டிக்கொடுத்தான். இன்றைக்குப் பதினோரு குடும்பம் அந்தப் பட்டறையில் சாப்பிடுகிறது. ஒவ்வொரு சந்திப்புக்கும் கூப்பிடுகிறேன். பட்டம் வாங்காதவன் எந்த முகத்தோடு வருவது என்று மழுப்பிவிடுகிறான். நம் சங்க விதியும் பட்டதாரிக்கு மட்டும்தானே உறுப்பினர் அட்டை தருகிறது!

ஜே.ஆர்.டி. நம்ம கல்லூரியில் ரெண்டு வருஷம் படித்து நின்றிருந்தால், அவருக்கும் அட்டை இல்லை என்றா சொல்லியிருப்போம்? இந்த வருஷப் பொதுக்குழுவில் அந்த விதியை மாற்றக் கையைத் தூக்குங்கள். அவனை அழைத்து வருவது என் பொறுப்பு.