கோணல் விரலால் கண் கொடுத்த டாக்டர்



நம்ம கூட்டமைப்பு மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி என்னைக் கேட்டாங்க. நான் எடுத்துக்கொண்டது மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்த டாக்டர் கோவிந்தப்பா வெங்கடசாமி அவர்களை. காரிமங்கலத்தில் நம்ம தெருக்களிலேயே கண்புரையோடு சுவரைத் தடவித் தடவி நடக்கிற பெரியவங்க இருக்காங்க. அதனால் இவர் கதை நமக்குத் தெரிஞ்சிருக்கணும் என்று நினைச்சேன்.

1918 அக்டோபர் 1-ம் தேதி, எட்டயபுரம் பக்கத்தில் வடமலாபுரம் என்ற சின்ன கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். விடிஞ்சதும் எருமை மேய்ச்சல், அதுக்கப்புறம் நடந்தே பள்ளிக்கூடம். காகிதமும் பென்சிலும் வாங்க வசதி கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துப் படிச்சார்.

அவர் வளரும் வயசில், உறவுக்காரப் பெண்கள் மூன்று பேர் அடுத்தடுத்து பிரசவத்தில் இறந்து போனாங்க. ஊரில் ஒரு டாக்டர் இருந்திருந்தா பிழைச்சிருப்பாங்க என்ற எண்ணம் அவர் மனசில் பதிஞ்சு போச்சு. பிரசவம் பார்க்கிற டாக்டராக வரணும் என்று முடிவு செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படிச்சு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். ராணுவ மருத்துவராகவும் போனார்.

அங்கேதான் முதல் அடி விழுந்தது. கடுமையான முடக்குவாதம் வந்து மூட்டுக்கு மூட்டு வீங்கிப்போச்சு. 1948-ல் ராணுவத்திலிருந்து அனுப்பிட்டாங்க. ஒரு வருஷத்துக்கும் மேல படுத்த படுக்கை. எழுந்து நடமாட ஆரம்பிச்சபோது கைவிரல்கள் எல்லாம் கோணிப்போய், பேனா பிடிக்கக்கூட முடியலை. அந்தக் கையை வைச்சுக்கிட்டு பிரசவம் பார்க்க முடியாது என்று தெரிஞ்சுபோச்சு. முப்பது வயசில், படிச்ச படிப்பு கையை விட்டுப் போச்சு என்று அவர் உட்கார்ந்திருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க.

அவர் கண் மருத்துவத்துக்கு மாறினார். கண் ஆபரேஷனுக்கு நூல் பிசகாத கை வேணும். கோணல் விரலுக்குத் தகுந்த மாதிரி கருவிகளைச் செய்யச் சொல்லி, கத்தி பிடிக்கப் பழகினார். அந்தக் கையாலேயே தன் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான கண் ஆபரேஷன் செய்தார்.

1956-ல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் பிரிவுத் தலைவரா வந்தார். இப்போ ராஜாஜி மருத்துவமனை என்று சொல்றோமே, அதில்தான் வேலை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தா ஏழைங்க வரமாட்டாங்க என்று புரிஞ்சுக்கிட்டு, 1960-களில் ஊர் ஊரா கண் முகாம் நடத்த ஆரம்பித்தார். 1973-ல் மத்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

1976-ல் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அதே வருஷம் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கையில் பெரிய முதல் கிடையாது. வீட்டை அடமானம் வைச்சார். அவர் கல்யாணம் செய்துக்கலை. தம்பி தங்கைகளைப் படிக்க வைச்சு ஆளாக்கியிருந்தார். அவங்க எல்லாரும் குடும்பத்தோடு வந்து தோள் கொடுத்தாங்க. தங்கை டாக்டர் நாச்சியாரும் அவங்க கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமியும் ஆரம்பத்திலிருந்தே கூட நின்னவங்க.

அங்கே வைச்ச கணக்கு நம்ம குழுக்காரங்களுக்குச் சட்டுனு புரியும். பணம் உள்ளவங்க கட்டணம் கட்டுவாங்க. இல்லாதவங்களுக்கு இலவசம். கட்டினவங்க பணத்தில் மிஞ்சுறதை வைச்சே கட்ட முடியாதவங்களுக்கும் வைத்தியம் நடக்கும். வருமானச் சான்று கேட்கிறது கிடையாது. ரெண்டு பக்கமும் அதே டாக்டர்கள்தான் ஆபரேஷன் செய்வாங்க. ஒருத்தருக்கு ஆபரேஷன் முடியும்போதே பக்கத்து மேசையில் அடுத்தவர் தயாரா இருப்பார். டாக்டருடைய ஒரு நிமிஷமும் வீணாகாது. கண் பரிசோதனையிலிருந்து ஆபரேஷனுக்கு உதவுறது வரை பெரும்பாலான வேலையைச் செய்யறது கிராமங்களிலிருந்து எடுத்து, ரெண்டு வருஷம் பயிற்சி கொடுத்த இளம்பெண்கள்.

முன்னெல்லாம் புரை எடுத்தா சோடாபுட்டி கண்ணாடிதான். கண்ணுக்குள்ளேயே வைக்கிற லென்ஸ் வந்தபோது அது வெளிநாட்டுச் சரக்கு, ஏழைக்கு எட்டாத விலை. 1992-ல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்சாலையைத் தொடங்கி, அந்த லென்ஸை வெளிநாட்டு விலையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவா செய்து கொடுத்தாங்க. இன்னைக்கு அது நூறு நாடுகளுக்கு மேல போகுது.

இதையெல்லாம்விட அவர் வாழ்க்கையில் நான் முக்கியமா நினைக்கிறது வேற ஒண்ணு. இலவசம் என்று சொன்ன பிறகும் ஜனங்க வரலை. 1999-ல் வெளிவந்த ஒரு ஆய்வில், முகாம் நடந்த கிராமங்களில் கண் குறை இருந்த பெரியவங்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத்தான் முகாமுக்கு வந்திருந்தாங்க என்று தெரிஞ்சது. ஏன் வரலை? பயம். வீட்டு வேலையை யார் பார்ப்பாங்க என்ற கவலை. செலவு. ஆபரேஷன் இலவசமா இருந்தாலும் பஸ் டிக்கெட் இலவசம் இல்லையே. கூட வர்ற ஆளுக்கும் ஒரு நாள் கூலி போகுமே. இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் அரவிந்தில் முகாமிலிருந்தே பஸ்ஸில் அழைச்சுக்கிட்டுப் போய், சாப்பாடும் படுக்கையும் கொடுத்து, ஆபரேஷன் செய்து, திரும்ப ஊரில் கொண்டுவந்து விடுற வழக்கம் வந்தது. முகாமுக்கு ஏற்பாடு செய்யறதும் ஆளைத் திரட்டுறதும் உள்ளூர்க்காரங்க பொறுப்பு.

அந்த உள்ளூர்க்காரங்க இடத்தில் நாம இருக்கோம். 1989-ல் தமிழ்நாட்டிலேயே முதல்ல மகளிர் குழுக்கள் திட்டமா தொடங்கினது நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். அன்னைக்கு முப்பது வயசில் குழுவில் சேர்ந்தவங்களுக்கு இன்னைக்கு அறுபது தாண்டிடுச்சு. கண்புரை வர்ற வயசு. பெண்களுக்குப் புரை அதிகம், ஆனா ஆபரேஷன் செய்துக்கிறதில் ஆண்களைவிட நாமதான் பின்தங்கியிருக்கோம் என்று பல ஆய்வுகள் சொல்லுது. நமக்கு எப்பவும் பேரப்பிள்ளை முதல்ல, மாடு கன்னு அடுத்தது, நம்ம கண்ணு கடைசி.

எங்க தெருவில் ஒரு பாட்டி புளி கொட்டை எடுக்கிற வேலைக்குப் போவாங்க. கண் மங்கி, கைத்தடவலிலேயே கொட்டையைப் பிரிச்சுக்கிட்டிருந்தாங்க. ஆபரேஷனுக்குப் போகாததுக்கு அவங்க சொன்ன காரணம், பேத்தியையும் ரெண்டு ஆட்டையும் யார் பார்க்கிறது என்பதுதான். குழுக் கூட்டத்தில் இதைப் பேசினோம். ஒருத்தங்க ஆட்டைப் பார்த்துக்கிட்டாங்க, ஒருத்தங்க பேத்தியை வைச்சுக்கிட்டாங்க, ஒருத்தங்க துணைக்குப் போனாங்க. போய்வர்ற செலவுக்குக் குழுவிலிருந்து சின்னக் கடன். ஆபரேஷன் முடிஞ்சு வந்து ஒரு மாசத்தில் பாட்டி முறத்தில் அரிசியைப் போட்டு அவங்களே கல் பொறுக்கினாங்க. அதைப் பார்த்துட்டு அதே தெருவில் இன்னும் ரெண்டு பேர் கிளம்பினாங்க.

சகோதரிகள் தெரிஞ்சுக்க வேண்டியது சிலது இருக்கு. புரை என்பது கண்ணுக்குள்ளே இருக்கிற லென்ஸ் பால் மாதிரி வெளுத்துப்போறது. சொட்டு மருந்தோ மாத்திரையோ அதைக் கரைக்காது. ஆபரேஷன் ஒண்ணுதான் வழி. புரை முத்தட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரொம்ப முத்தினா கண்ணில் அழுத்தம் ஏறி, வலி வந்து, பார்வை திரும்பாமலே போகலாம். தாய்ப்பால், பச்சிலைச் சாறு எதையும் கண்ணில் விடக்கூடாது. மருந்துக்கடையில் நாமளே கேட்டு சொட்டு மருந்து வாங்கிப் போடக்கூடாது. சர்க்கரை நோய் இருந்தா புரை சீக்கிரம் வரும். அவங்க வருஷம் ஒரு தடவை கண் காட்டணும். ஆபரேஷன் மரத்துப்போக மருந்து போட்டுத்தான் செய்யறாங்க. பெரும்பாலும் அன்னைக்கோ மறுநாளோ வீட்டுக்கு வந்துடலாம். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு இருக்கு. அரசு மருத்துவமனைகளில் புரை ஆபரேஷன் இலவசம்.

டாக்டர் வெங்கடசாமி 2006 ஜூலை 7-ம் தேதி, 87 வயசில் காலமானார். 11 படுக்கையில் தொடங்கினது இன்னைக்கு பல ஊர்களில் பெரிய மருத்துவமனைகளா நிக்குது. நமக்குப் பக்கத்தில் சேலத்திலும் இருக்கு.

அவர் பிறந்த நாள் அக்டோபர் 1. அதுக்குள்ளே ஒவ்வொரு குழுவும் ஒரு வேலை செய்யலாம். அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வரவு எழுதி முடிச்சதும், நோட்டில் இன்னொரு பக்கம் திருப்புங்க. நம்ம தெருவில் கண் மங்கினவங்க யார் யார் என்று பேர் எழுதுங்க. ஒவ்வொரு பேருக்கு எதிரிலும், துணைக்குப் போறது யார், வீட்டைப் பார்த்துக்கிறது யார் என்று ரெண்டு பேர் எழுதுங்க. அந்த ரெண்டு பேர் கிடைச்சுட்டா, அந்த அம்மா கிளம்பிடுவாங்க.